ராஸ்லின் குதிரை – 9: உப்புத் தண்ணீர்

ஓடை தாண்டி லாரி வருகிற சத்தம் கேட்டதும், ராஸ்லின் கையிலிருந்த டீக் கோப்பையை வேலிக் கம்பத்தின் மேல் வைத்துவிட்டு நடக்க ஆரம்பித்தாள். ஓடியிருப்பாள். போன வருடம் அவளுக்கு இடுப்பு மூட்டு மாற்றிய டாக்டர், ஓடுவதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருந்தார்.

அடிலெய்டுக்கு வடக்கே இருக்கிற குவோர்ன் ஊரின் பள்ளிப் பேருந்தை இருபத்தாறு வருடம் ஓட்டிவிட்டு, டிசம்பரில்தான் சாவியைத் திருப்பிக் கொடுத்தாள். வயது ஐம்பத்தேழு. ஒன்பது வயதில் ஜேம்ஸ்டவுன் விவசாயக் கண்காட்சியில் ஒரு வேலர் குதிரையின் முதுகில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தாள் என்பதும், அன்றிலிருந்து மனசு அங்கிருந்து இறங்கவே இல்லை என்பதும் நமக்குத் தெரியும். வேலர் என்றால் சாதாரணமா? ஒரு காலத்தில் கப்பல் கப்பலாக மதராஸ் துறைமுகம் வரை போய்ப் பட்டாளங்களைச் சுமந்த இனம். இன்றைக்கு அந்த ரத்தம் கலப்பில்லாமல் ஓடுவது வடக்கே காட்டில் திரியும் சில குதிரைகளில்தான்.

வீட்டில் நடக்காத காரியம் எதுவானாலும் அதற்கு 'ராஸ்லின் குதிரை' என்று பெயர் வைத்தவன் தம்பி க்ளைவ். மழை வருமா என்று யாராவது கேட்டால், "வரும், ராஸ்லின் குதிரையில ஏறி வரும்" என்பான். அந்தக் குதிரை நிஜமாகவே வரப்போகிறது என்று தெரிந்த ராத்திரி மட்டும் அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டு மேஜையில் தட்டைத் தள்ளிவிட்டு, "அது இந்த கேட்டுக்குள்ள வந்தா, நான் இந்தப் பக்கம் கால் வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். ஏன் அவ்வளவு கோபம் என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

அப்படிச் சொன்னவன் இன்று காலை ஏழு மணிக்கே எண்ணெய்க் குப்பியோடு கேட் பக்கத்தில் நின்றான்.

"கால் வைக்க மாட்டேன்னியே?"

"கீலுக்கு எண்ணெய் விட வந்தேன். உன் குதிரையைப் பாக்க வரல."

"அந்தக் கீல் பதினோரு வருஷமா கத்துதுடா."

"அதான். இன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு."

லாரி நின்றது. ஓட்டுநர் மெர்வ் இறங்கினார். ஆயிரத்து இருநூறு கிலோமீட்டர் ஓட்டி வந்த களைப்புக்கு மேலே வேறு ஏதோ அவர் முகத்தில் இருந்தது.

"என்ன மெர்வ்?"

"ஆளு நல்லாத்தான் இருக்கா. ஆனா நேத்து விடியற்காலைல ஏத்தினதுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்கல. மூணு இடத்துல நிறுத்திக் காட்டினேன். மூக்கை வச்சுப் பாக்கறா, திருப்பிக்கறா. கடைசியா காட்டினப்போ வாளியை உதைச்சு அப்பளம் ஆக்கிட்டா."

பின் கதவு சாய்பலகையாக இறங்கியது. உள்ளே இருட்டு. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம், ஒன்றும் அசையவில்லை.

பிறகு அவள் வந்தாள்.

பாய்ந்து வரவில்லை. காட்டில் பிறந்து மனிதக் கை படாமல் ஏழு வருடம் வளர்ந்த குதிரை, முதன்முதலில் ஒரு பலகையில் இறங்குகிறது. குளம்பை வைத்து அழுத்திப் பார்த்து, தாங்கும் என்று தெரிந்துகொண்டு, அடுத்த அடி வைத்தது. செம்பழுப்பு உடம்பு. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் கறுப்பு. ஆழமான மார்பு, குட்டையான முதுகு, எதையும் ஏற்றலாம் என்று சொல்லும் கெட்டி எலும்பு. இடது தோளில் ஒரு நீண்ட பழைய தழும்பு. வடக்கின் செம்மண் பிடரியில் அப்பிக் கிடந்தது. பட்டிக்குள் வந்து நின்று தலையைத் தூக்கினாள். நடுவில் நின்றவளைச் சுற்றி வேலி சட்டென்று சின்னதாகிவிட்ட மாதிரி இருந்தது.

இந்த நிமிஷத்துக்காக ராஸ்லின் எத்தனையோ வார்த்தைகளை யோசித்து வைத்திருந்தாள். நாற்பத்தெட்டு வருடம் இருந்ததே, யோசிக்க. ஒன்றுமே வரவில்லை.

"வந்துட்டியா," என்றாள்.

கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். க்ளைவ் எண்ணெய்க் குப்பியைக் கையில் கவிழ்த்துப் பிடித்தபடி குதிரையையே பார்த்துக்கொண்டிருந்தான். எண்ணெய் அவன் பூட்ஸ் மேல் ஒழுகிக்கொண்டிருந்தது.

*

ராஸ்லினின் மகள் டெஸ், போர்ட் அகஸ்டாவில் கால்நடை ஆஸ்பத்திரியில் நர்ஸ். அம்மாவுக்காக இரண்டு நாள் லீவு போட்டு வந்திருந்தாள். (டெஸ்ஸின் அப்பா அடிலெய்டில் வேறு குடும்பமாக இருக்கிறார், அந்தக் கதை நமக்கு இப்போது வேண்டாம்.) வேலி இடுக்கு வழியாகக் குதிரையை வெகுநேரம் கவனித்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய்ப் பேசினாள். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது.

"அம்மா, விலா உள்ள போயிருக்கு பாத்தியா? கண்ணு குழிஞ்சிருக்கு. முப்பது மணி நேரம் ஆச்சு. சாயங்காலத்துக்குள்ள குடிக்கலைன்னா குடல் கட்டிக்கும்."

"டாக்டர்?"

"ஹாக்கர் ஊர்ப் பக்கம் எங்கயோ இருக்காரு. நாளைக்குக் காலைலதான் வர முடியுமாம். வந்தாலும் இவளுக்கு மூக்குல குழாய் விட்டுத் தண்ணி இறக்கணும்னா மயக்க ஊசி போடணும். இந்த நிலைமைல போட்டா எழுந்திருப்பாளான்னு சந்தேகம்னு சொல்றாரு."

ராஸ்லின் வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரத் தொட்டியிலிருந்து மழைத் தண்ணீரைப் பிடித்து வந்தாள். அந்த வீட்டில் டீக்கும் சமையலுக்கும் மட்டும் எடுக்கிற தண்ணீர் அது. புது நீலத் தொட்டி நிறைய ஊற்றினாள். குதிரை வந்தது. மோந்தது. மேலுதட்டைச் சுருக்கிக்கொண்டு விலகிப் போனது.

வெல்லப்பாகு கலந்து வைத்தாள். ஆப்பிள் நறுக்கி மிதக்கவிட்டாள். வைக்கோலை நனைத்துப் போட்டாள். வைக்கோலைக் குதிரை காலால் ஒதுக்கியது.

"ஏன்க்கா," என்றான் க்ளைவ் வேலிக்கு வெளியிலிருந்து, "நாப்பத்தெட்டு வருஷம் காத்திருந்து வாங்கின குதிரை, தண்ணியே வேணாங்குது. பீர் வச்சுப் பாத்தியா?"

"க்ளைவ்."

"தப்பா சொல்லல. நம்ம ஊர் ஆளுங்க யாரும் வெறும் தண்ணிக்கு மயங்க மாட்டாங்க."

"உன்னை யாரு இங்க நிக்கச் சொன்னா? அது செத்தா சிரிக்கணும்னு நிக்கறியா? போடா. போய் உன் வேலையைப் பாரு."

அவள் தம்பியிடம் அப்படிப் பேசுகிறவள் இல்லை. அம்மா இறந்தபோது அவனுக்கு ஆறு வயது, இவளுக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ஆட்டு மயிர் வெட்ட வந்த ஆட்களுக்குச் சமைத்துப் போட்டு, இவனுக்குத் தலை வாரிவிட்டு, ஷூ கயிறு கட்டக் கற்றுக்கொடுத்தவள். வார்த்தை வெளியே விழுந்ததும் அவளுக்கே வலித்தது.

க்ளைவ் பிக்கப் வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

*

மதியம் டெஸ் ஆட்டுக்கறி சாண்ட்விச் கொண்டுவந்து அம்மா மடியில் வைத்தாள். ராஸ்லின் அதைப் பிரிக்கவே இல்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கறேன், கோவப்படாத. அவ அங்கயே இருந்திருக்கலாமோ?"

"அங்கேருந்து கிளம்புற மத்த லாரியெல்லாம் எங்க போகுதுன்னு உனக்குத் தெரியுமில்ல?"

டெஸ்ஸுக்குத் தெரியும். மாட்டுக்குப் புல் போதவில்லை என்று பண்ணைக்காரர்கள் காட்டுக் குதிரைகளை ஹெலிகாப்டரில் விரட்டி வளைத்துப் பிடிக்கிறார்கள். ஆள் கேட்டு வந்தால் குதிரை. கேட்காவிட்டால் இறைச்சி.

"நூத்தி நாப்பதுல இவ ஒருத்தியைத்தான் என்னால எடுக்க முடிஞ்சுது," என்றாள் ராஸ்லின். "இவளையும் கொண்டுவந்து கொன்னுட்டேன்னா, அதுக்கு அந்த லாரியே மேல்."

குதிரை வேலி ஓரமாக நின்றது. முன்பு தூக்கி வைத்திருந்த தலை இப்போது தோளுக்குச் சமமாக இறங்கியிருந்தது. அப்படியும் ஈ மொய்த்த இடத்தில் தோல் சிலிர்ப்பதையும், காது இரண்டும் தனித்தனியே திரும்பி ஒவ்வொரு சத்தத்தையும் எடை போடுவதையும் ராஸ்லின் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயந்த மிருகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தெரியாத கையிலிருந்து எதையும் வாங்கமாட்டேன் என்று தீர்மானம் பண்ணிவிட்ட ஒருத்தி. பட்டினி கிடந்தாலும் அவள் தீர்மானம் அவளுடையது.

மூன்று மணிக்கு பிக்கப் திரும்பி வந்தது. பின்னால் பெரிய பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. அதன் பக்கத்தில் துருப்பிடித்த பழைய இரும்புத் தொட்டி ஒன்று, கயிற்றால் கட்டியிருந்தது.

க்ளைவ் இறங்கினான். முழங்கால்வரை சேறு.

"நீலத் தொட்டியை எடு," என்றான்.

"என்னடா இது?"

"வடக்குப் பண்ணைக்குப் போன் போட்டேன். ஐரீன்னு ஒரு அம்மா எடுத்தாங்க. குதிரைங்க எந்தத் தண்ணி குடிக்கும்னு கேட்டேன். சிரிச்சாங்க. அங்க மழைத் தண்ணியே கிடையாதாம். எல்லாம் போர் தண்ணி. உப்பு. பிறந்ததுலேர்ந்து அதைக் குடிச்ச வாய், அக்கா. நீ வச்ச தண்ணி அவளுக்குத் தண்ணின்னே தெரியல. ஏதோ விஷம்னு நினைச்சுக்கிட்டு நிக்கறா."

ராஸ்லின் அவனையே பார்த்தாள்.

"கிழக்குப் பட்டியில அப்பா போட்ட போர் இருக்கில்ல? ஆடே குடிக்க மாட்டேங்குதுன்னு மூடிப் போட்டமே, அது. மோட்டாரைத் திருப்பிப் பூட்டி இறைக்கறதுக்குள்ள இவ்வளவு நேரம் ஆயிடுச்சு." நெற்றியைப் புறங்கையால் துடைத்தான். "பாத்துட்டே நிக்காத. இந்தப் பக்கம் பிடி."

இருவரும் இரும்புத் தொட்டியைப் பட்டிக்குள் இழுத்து வைத்தார்கள். க்ளைவ் குழாயை விட்டான். உப்பும் இரும்பும் கலந்த வாடை கிளம்பியது.

வேலி ஓரத்தில் குதிரையின் தலை சட்டென்று நிமிர்ந்தது.

"அசையாதீங்க," என்றாள் டெஸ், வெளியிலிருந்து மெதுவாக. "அம்மா, அப்படியே உக்காரு. மாமா, நீங்களும். இப்போ எழுந்து நடந்தீங்கன்னா அவ வரமாட்டா."

ராஸ்லின் அங்கேயே கிடந்த மரக்கட்டையில் மெல்ல உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் க்ளைவ் குந்தினான். தொட்டி ஐந்து கஜம் தள்ளி. அதற்கு அந்தப் பக்கம் குதிரை.

குதிரை ஓர் அடி வைத்தது. நின்றது.

நேரம் போயிற்று. கலா கிளிக் கூட்டம் ஒன்று கத்திக்கொண்டே மலைப்பக்கம் பறந்தது.

"அக்கா." க்ளைவின் குரல் அவள் காதுக்குப் பின்னால், மூச்சு மாதிரி. "ஒண்ணு சொல்லணும். திரும்பிப் பாக்காத. அவ மிரண்டுடுவா."

"சொல்லு."

"இதுக்கு முன்னாடி ஒரு குதிரை வந்துச்சு."

அவள் முதுகு விறைத்தது. குதிரையின் காது திரும்பியது. ராஸ்லின் மூச்சை விட்டு, தோளைத் தளர்த்தினாள்.

"அம்மாவை அடக்கம் பண்ணி நாலாவது நாள். நீ உள்ள சமையல்கட்டுல இருந்தே. நான் கேட்டுல ஏறி ஆடிக்கிட்டு இருந்தேன். ஒரு சின்ன லாரி வந்துச்சு. உன் பன்னெண்டாவது பிறந்தநாளுக்குன்னு அப்பா எப்பவோ சொல்லி வச்சிருந்தாராம். வேலர் குட்டி. அம்மா போன துக்கத்துல வேணாம்னு சொல்லிவிட மறந்துட்டாரு."

குதிரை இன்னோர் அடி வைத்தது.

"அப்பா கேட்டைத் திறக்கல. லாரிக்காரர்கிட்ட என்னவோ பேசினாரு. அவரு திருப்பிக்கிட்டுப் போயிட்டாரு. அப்பா என் பக்கம் வந்து, 'இந்தப் பையனை யாராவது பாத்துக்கணுமில்ல, அவளுக்குக் குதிரைக்கு ஏது நேரம்'னாரு. என்கிட்டயே சொன்னாரு, என்னைப் பத்தி. அக்காகிட்ட சொல்லாதேன்னாரு. நாப்பத்தஞ்சு வருஷம் சொல்லல."

ராஸ்லினின் கன்னத்தில் ஈரம் இறங்கியது. துடைக்கக் கை எடுக்க முடியாது. எதிரே குதிரை தொட்டியின் விளிம்புக்கு மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா சொல்லாம இருந்ததுக்காவது ஒரு காரணம் இருக்கு. நான் கிண்டல் பண்ணினேன். நீ அந்தப் பேச்சை எடுத்தாலே எனக்கு அந்தச் சின்ன லாரிதான் கண்ணு முன்னாடி நிக்கும், அதனால கிண்டல் பண்ணினேன். போன வாரம் கத்தினதும் அதுக்குத்தான். திரும்ப ஒரு லாரி அந்தக் கேட்டுக்கு வர்றதை என்னால..."

மூக்கு தண்ணீரைத் தொட்டது. வட்டம் விரிந்தது. குதிரை தலையை எடுத்தது. தாடையிலிருந்து சொட்டியதை நாக்கு தேடியது. பிறகு வாயை முழுசாக அமிழ்த்தி இழுக்க ஆரம்பித்தது. தொண்டைக் குழாயில் ஒவ்வொரு மடக்கும் உருண்டையாக ஏறிப் போவது தெரிந்தது. நிறுத்தவில்லை. தொட்டியில் தண்ணீர் நாலு விரற்கடை இறங்கியது. கண் மட்டும் தண்ணீருக்கு மேலே இருந்தபடி அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தது.

வேலிக்கு வெளியே டெஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"க்ளைவ்," என்றாள் ராஸ்லின், திரும்பாமல்.

"ம்."

"அது என்ன நிறம்?"

அவன் அந்தக் கேள்வியை எதிர்பார்க்கவில்லை. "சாம்பல். பிடரி மட்டும் கறுப்பு. பலகைக்கு மேல தலையை நீட்டி என்னைப் பாத்துச்சு. காது ரொம்பப் பெரிசு."

"நல்லா இருந்துச்சா?"

"ரொம்ப நல்லா இருந்துச்சுக்கா."

"சரி. நீயாவது பாத்தியே."

பின்னாலிருந்து ஒரு முரட்டுக் கை அவள் தோளில் வந்து உட்கார்ந்தது. அவள் அதன் மேல் தன் கையை வைத்தாள். குதிரை தலையெடுத்து அதையும் பார்த்துவிட்டு, திரும்பவும் குடித்தது.

*

இரண்டாவது தடவை தொட்டியை நிரப்பிய பிறகுதான் குதிரை நகர்ந்து பக்கவாட்டில் நின்றது. சாய்ந்த வெயில் வயிற்றின் கீழ்வரை விழுந்தது.

டெஸ் வேலியில் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். செம்மண்ணில் முழங்கால் போட்டாள்.

"அம்மா, மடியைப் பாரு."

"என்ன?"

"கட்டியிருக்கு. பின்னங்கால் உள்பக்கம் வெள்ளையா காஞ்சு கிடக்கு பாரு. பால். காலைல செம்மண்ணுல தெரியல. இவளுக்குக் குட்டி இருக்கும்மா. இவ்வளவு கட்டியிருக்குன்னா சின்னக் குட்டி. ரெண்டு மாசம் இருந்தா அதிகம்."

க்ளைவ் ஏற்கெனவே போனை எடுத்திருந்தான். ஐரீன் எடுத்ததும் ராஸ்லின் அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

ஐரீன் கேட்டுக்கொண்டே வந்தவள், பெருமூச்சு விட்டாள். "வளைச்சு ஓட்டறப்போ பின்தங்கியிருக்கும். ஹெலிகாப்டர்காரர் நேத்து சொன்னாரு, ஒன்பதாம் நம்பர் போர்கிட்ட செம்பழுப்புக் குட்டி ஒண்ணு தனியா நிக்குதுன்னு. தாய் வரும்னு விட்டுட்டோம். அதோட தாய் உங்ககிட்ட வந்தவதான்னு யாருக்குத் தெரியும்?"

"இப்போ இருக்குமா?"

"தெரியலம்மா. நாளன்னிக்கு அந்த போரை நிறுத்தறோம். மிச்சக் குதிரைங்க தண்ணி தேடி வெளியே வரணுமில்ல, அதுக்கு. ஆள் அனுப்பிப் பாக்கச் சொல்றேன். வேற என்னால முடியாது, வரிசையா லாரி வந்துட்டு இருக்கு."

ராஸ்லின் போனை அணைத்தாள். குதிரையைப் பார்த்தாள். வந்து ஒன்பது மணி நேரம்கூட ஆகவில்லை. இன்னும் அந்தக் கழுத்தைத் தொடவில்லை. தொடுவதற்கு எத்தனை மாதம் ஆகுமோ என்று காலையில் சந்தோஷமாகக் கவலைப்பட்டிருந்தாள்.

"டெஸ், உன் லீவு நாளன்னிக்கு வரைக்கும் நீட்ட முடியுமா?"

"நீட்டிடறேன்."

"கிழக்கு போர் தண்ணி மட்டும் குடு. டாக்டர் வந்தா ஊசி வேணாம்னு சொல்லு. பட்டிக்குள்ள போகாத. ஆனா அவ பாக்கற மாதிரி உக்காந்திரு."

"நீ எங்கம்மா போற?"

ராஸ்லின் பதில் சொல்வதற்குள் பிக்கப்பின் பின்பக்கம் தடதடவென்று சத்தம். க்ளைவ் தண்ணீர்த் தொட்டியை இறக்கிவிட்டு, குதிரை ஏற்றும் பெட்டியைப் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தான்.

"உன் இடுப்போட பன்னெண்டு மணி நேரம் உன்னை ஓட்ட விடமாட்டேன்," என்றான் தலை நிமிராமல். "ஏறிக்கோ. அந்த சாண்ட்விச்சை எடுத்துக்கோ. வேணாம்னா நான் தின்னுடுவேன்."

டெஸ் உள்ளே ஓடி, ஆஸ்பத்திரிப் பையிலிருந்து குட்டிகளுக்கான பால்பவுடர் டப்பாவையும் பெரிய புட்டியையும் கொண்டுவந்து மாமாவின் சீட்டுக்குப் பின்னால் திணித்தாள். வண்டி கேட்டைத் தாண்டியபோது பட்டியிலிருந்து நீண்ட கனைப்பு ஒன்று வந்தது. அவள் வந்ததிலிருந்து அதுதான் முதல் சத்தம். ராஸ்லின் சன்னல் கண்ணாடியை இறக்கி, கடைசிவரை கேட்டாள்.

நெடுஞ்சாலையில் ஏறி முக்கால் மணி நேரம் இருக்கும். மேற்கே வானம் சிவந்து கிடந்தது. போன் அடித்தது. ஐரீன்.

"ஆள் போய்ப் பாத்துட்டு வந்துட்டான். போர்கிட்ட குட்டி இல்லம்மா."

ராஸ்லின் கண்ணை மூடினாள். தம்பியிடம் சொன்னாள். க்ளைவ் வேகத்தைக் குறைக்கவில்லை.

"குளம்புத் தடம் இருக்கான்னு கேளு."

கேட்டாள். இருக்கிறதாம், இன்றைக்குப் பட்ட புதுத் தடம்.

"எந்தப் பக்கம் போகுதாம்?"

ஐரீன் அந்தப் பக்கம் யாரிடமோ பேசினாள். திரும்பி வர நேரமாயிற்று. வந்தபோது அவள் குரலில் அவசரமெல்லாம் போயிருந்தது.

"லாரி போன பாதையிலேயே போயிருக்கு," என்றாள். "தெக்கே பாத்து."